ஜெயக்கொடி அணைத்த பாய்லர்

பதினோரு வருஷம் கழித்து என்னை ஊருக்கு வரவழைத்தது ஒரு படிவம். நான் வேலை பார்ப்பது நெதர்லாந்தில், மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணியும் பஞ்சும் வாங்கி விற்கும் சிறிய கம்பெனி ஒன்றில். காற்றில் எவ்வளவு கரியை விடுகிறோமோ அவ்வளவையும் ஈடுகட்டி, கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுவோம் என்று எங்கள் முதலாளிகள் சபதம் எடுத்திருக்கிறார்கள். சபதம் எடுத்தது அவர்கள். நிறைவேற்ற வேண்டியது துணி அனுப்புகிறவர்கள்.

அப்படித் துணி அனுப்புகிறவர்களில் ஒருத்தி ஜெயக்கொடி. ராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டிப் பக்கம், நெய்த துணியை வேகவைத்து வெளுத்துக் கட்டுத்துணியாக்கும் சிறிய ஆலை வைத்திருக்கிறாள். அவளுடைய அப்பா தொடங்கியது. பத்தாம் வகுப்பு வரை பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தவள். அப்பா அம்மா இருவரும் போய், வீட்டையும் விற்றுவிட்ட பிறகு, ஊரில் எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான்.

சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். முதல் எட்டு வருஷம் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டேன். என் மகள் கயல் மூன்று வருஷமாக விமானம் ஏறுவதில்லை. ஒரு குடும்பம் விடுமுறைக்குப் பறந்து போய் வருவதால் எவ்வளவு புகை என்று சாப்பாட்டு மேஜையில் படம் போட்டுக் காட்டினாள். வேலைக்காக அல்லாமல் நானும் ஏறுவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். அவள் சொல்வது தப்பு என்று என்னால் வாதாட முடியவில்லை. முடிந்திருந்தால் எப்போதோ வந்திருப்பேன்.

ஆகவே, ஆலை விறகிலிருந்து மாறிவிட்டதா என்று நேரில் பார்த்து வர ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, மொழி தெரிந்தவள் நான்தான் என்று கையைத் தூக்கினேன். ஐந்து நாள் கொடுத்தார்கள். ஒரு நிபந்தனையும் கொடுத்தார்கள். ஆய்வுக்குப் போகிறவர் ஆலைக்காரர் வீட்டில் தங்கக்கூடாது, அவர்கள் கொடுக்கும் சாப்பாட்டைச் சாப்பிடக்கூடாது. தண்ணீரும் டீயும் குடிக்கலாம். நெதர்லாந்தில் இந்த விதி யாரையும் உறுத்தாது. அங்கே சாப்பாட்டு நேரம் வந்தால் விருந்தாளி தானாகவே கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். இதை ஜெயக்கொடியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லாட்ஜில் தங்கினேன். ஜன்னலைத் திறந்தால் கோபுரத்தின் மேல்பாதி தெரிந்தது. சாயங்காலம் கடைத்தெருவில் பால்கோவா வாங்கி, இலையில் வைத்துக் கொடுத்ததை நின்றபடியே தின்றேன். கடைக்குப் பின்சந்தில் ஒரு வண்டி விறகு இறங்கிக்கொண்டிருந்தது. இனிப்பு வாயில் இருக்கும்போதே, படிவத்தில் இது எந்தக் கட்டத்தில் வரும் என்று மனசு தேடியது. எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. இன்னொரு இலை வாங்கித் தின்றேன்.

இரண்டாம் நாள் காலை செட்டியார்பட்டிக்குக் கிளம்பினேன். நான் வந்த காரியத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று பாட்டரி ஆட்டோவாகப் பார்த்து ஏறினேன். ஓட்டியவர் என் வயதுக்காரர், பேச்சில் கெட்டிக்காரர். “மூணு கட்டி சார்ஜ் கெடக்குக்கா, ராஜபாளையம் போயி, செட்டியார்பட்டி போயி, திரும்பவும் வந்துருவேன்” என்று மீட்டரில் எரிந்த மூன்று கோடுகளைக் காட்டினார். ஆனி மாசக் காற்று எதிரே முட்டிக்கொண்டு அடித்தது. பாதி வழியில் மூன்று கட்டி ஒன்றானது. ஒன்று மினுங்கத் தொடங்கியது. பிறகு வண்டி கோபித்துக்கொண்ட மாடு மாதிரி நின்றுவிட்டது.

“எதுத்த காத்துக்கா. நேத்து இம்புட்டு இல்ல” என்றார். இதே காற்றுதான் தென்காசிப் பக்கம் காற்றாலைகளை ஓட்டிக்கொண்டிருக்கும் என்று சொன்னேன். “அங்க ஓட்டி என்னக்கா செய்ய? அத இங்கன கொண்டாந்து குடுக்க ஆள் வேணும்ல?” என்றபடி இறங்கித் தள்ளினார். நானும் ஒரு கை கொடுத்தேன்.

சாலையோரம் மாவு அரைத்து விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்கார அம்மாள் கிரைண்டரை நிறுத்திவிட்டு அதன் பிளக்கில் எங்கள் வயரைச் சொருகவிட்டார். “செத்த நேரம்தான், பொறவு எனக்கு மாவு புளிச்சிரும்” என்று கெடுவும் வைத்தார்.

பக்கத்து டீக்கடையில் வேட்டி கட்டிய பெரியவர்கள் இருவர் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். ராஜபாளையத்தில் வளர்ந்த யாருக்கும் அந்தப் பேச்சு புரியும். “மொட்டைமாடி முழுக்க சோலார் போட்டுட்டேன். இப்ப வத்தல் காயப்போட இடமில்லைன்னு வீட்டுக்காரி ஒரு மாசமா முகம் கொடுத்துப் பேசலை” என்றார் ஒருவர். “கரண்ட் பில் குறைஞ்சுதா?” என்று மற்றவர் கேட்டார். “குறைஞ்சுது. சாப்பாடும் குறைஞ்சுது.” நான் டீயைச் சிந்திக்கொண்டேன். அந்தச் சிரிப்போடு, ஊருக்கு வந்துவிட்டேன் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

ஆலை வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. சுவரெல்லாம் புது வெள்ளை. ஜெயக்கொடி பட்டுச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள நினைத்து நான் இரண்டு எட்டு வைத்தேன். பின்னால் வேலையாட்கள் வரிசையாக நின்றார்கள். “வாங்க மேடம்” என்று கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

உள்ளே புதிதாக ஒரு மின்சார பாய்லர் இருந்தது. ஆள் உயரம்தான். மாவிலைத் தோரணம் கட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற யேசுவடியான் முப்பது வருஷமாக அங்கே பாய்லர்காரர். பாய்லர் ஓட்டுவதற்கு அரசாங்கம் கொடுத்த சான்றிதழைக் கண்ணாடி போட்டு அவர் தலைக்கு மேலே மாட்டியிருந்தார்கள். “இப்ப என்ன வேலை?” என்று கேட்டேன். “சுச்சு போடுதேன், சுச்ச அணைக்கேன். இதுக்கு எதுக்கு மேடம் சர்டிபிகேட்டு?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா ஒண்ணு சொல்லணும். இருவது நாளா இருமல் இல்ல” என்றார்.

சாம்பிள் கேட்டேன். தறியிலிருந்து வரும் துணியில் மெழுகு இருக்கும். பெரிய இரும்புக் கொப்பரையில் போட்டு, நீராவியின் அழுத்தத்தில் மணிக்கணக்காக வேகவைத்தால்தான் மெழுகு இறங்கும். இறங்கிவிட்டதா என்று பார்ப்பது சுலபம். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் பத்து எண்ணுவதற்குள் மூழ்க வேண்டும். மூழ்காத துணி ரத்தத்தையும் உறிஞ்சாது. ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். துண்டைப் போட்டு எண்ணினேன். பத்துக்கு மிதந்தது. இருபதுக்கும் மிதந்தது.

“மத்தியானமானா வோல்டேஜ் விழுந்துருது மேடம். ஆவி ஏறி வாரப்ப எறங்கிருது” என்றார் யேசுவடியான். “காத்து மாசம், கரண்டு நல்லா வரும்னு நெனச்சோம்” என்றாள் ஜெயக்கொடி. “காத்து அடிக்கத்தான் செய்யுது. கம்பியில வரணும்ல?” என்று அவர் முணுமுணுத்தார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது விதியைச் சொன்னேன். ஜெயக்கொடியின் முகம் சுருங்கிவிட்டது. ஆட்கள் நகர்ந்த பிறகு, பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், “ஏட்டி வசந்தா, எங்க வீட்டுல கை நனைக்காம போவியா நீ?” என்று கேட்டாள். முப்பது வருஷத்துக்கு முந்திய குரல் அது. “டீ குடுடி” என்றேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஹோட்டலில் தனியாகப் புரோட்டா தின்றுவிட்டுத் திரும்பினேன். நல்ல புரோட்டாதான், இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆலை வாசலில் ஓர் அம்மாள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்தார். மம்சாபுரத்துக்காரர், பெயர் மாரியம்மா. தரிசில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டி இந்த ஆலைக்கு விறகு போடுகிற பெண்களுக்கு அவர்தான் தலைவி. இருபது நாளாக விறகு வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். ஆனாலும் தினமும் வந்து கேட்டுவிட்டுப் போகிறாராம். என்னை ஏற இறங்கப் பார்த்து, “நெருப்பே வேண்டாம்னு எழுதிவிட்ட அம்மா நீங்கதானா தாயி?” என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.

ஜெயக்கொடியின் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து மடிக்கணினியில் படிவத்தை நிரப்பினேன். ஒவ்வொரு கட்டம் நிரம்பும்போதும், அதுவரையுள்ள கணக்குக்கு அது தானாக ஒரு நிறம் காட்டும். கடைசியில் பச்சையோ மஞ்சளோ என்றால் ஆர்டர் தொடரும். சிவப்பு என்றால் அடுத்த வருஷத்திலிருந்து வேறு ஊரில் வாங்குவார்கள். ஜெயக்கொடியின் ஆலையில் பாதிக்கு மேல் எங்களுக்குத்தான் ஓடுகிறது. மின்சார பாய்லர் என்று போட்டேன். நல்ல கனமான சிவப்பு வந்தது.

ஏனென்று தேடிப் பார்த்தேன். கம்பியில் வரும் கரண்ட்டில் பெரும்பங்கு நிலக்கரியில் எடுத்தது என்பது படிவத்துக்குத் தெரியும். சோதனைக்காக ‘விறகு’ என்று மாற்றினேன். சிவப்பு வெளிறிப்போய் மஞ்சளை எட்டிப் பார்த்தது. மரம் வளரும்போது குடித்த கரியைத்தான் எரியும்போது விடுகிறது என்பது படிவத்தின் கணக்கு. சீமைக்கருவேலமோ வெட்ட வெட்ட, யாரும் தண்ணீர் ஊற்றாமலே முளைப்பது. நல்லதாக இருந்ததை அணைத்துவிட்டு, கெட்டதற்குச் சந்தனம் பூசி வைத்திருக்கிறாள்.

“எதுக்குடி அதை அணைச்ச?” என்று கேட்டேன்.

“நீதான எழுதினே, எரிக்கிறத விட்டு வெலகுங்கன்னு?”

எழுதியது நான்தான். எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி அனுப்பிய ஆங்கிலக் கடிதம். கீழே என் பெயர் இருந்தது. பழைய பாய்லர் எங்கே என்று கேட்டேன். எழுந்து கூட்டிக்கொண்டு போனாள். பின்கட்டில் தகரம் அடித்து மறைத்து, அதன் முன்னால் பூச்செடித் தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். மிச்ச விறகின் மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டில் உடைந்ததையெல்லாம் கொல்லைப்பக்கம் தள்ளி மூடுவோமே, அதையேதான் செய்திருந்தாள். வந்த ஆள் கொல்லையைத்தான் பார்க்க வந்தவள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

“ஒரு கடுதாசிக்காகவா முப்பது வருசத்துப் பாய்லர அணைச்ச? போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?”

அவள் செடித்தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கடுதாசிக்காக மட்டும் இல்லட்டி. நீயே வாரேன்னு வந்துச்சு. உனக்குத்தான் புகை ஆகாதே. எட்டாப்பு படிக்கப்ப எங்க ஆலைக்கு வெளாட வந்துட்டு, இளைப்பு வந்து மூச்சு விடாம கெடந்தேல்ல? எங்கப்பா உன்னத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனாவ. அதுக்குப் பொறவு நீ இந்தப் பக்கம் வந்ததே இல்ல.”

நான் மறந்தே போயிருந்தேன். என் கைப்பையில் இப்போதும் மூச்சுக்கு உறிஞ்சும் மருந்துக் குப்பி இருக்கிறது. ஆனால் அந்த நாள் நினைவில் இல்லை. அவளுக்கு இருந்திருக்கிறது. பதினோரு வருஷமாக நாங்கள் அனுப்பிக்கொண்ட மின்னஞ்சல்களில் மீட்டர் கணக்கும் கப்பல் தேதியும் தவிர ஒன்றுமில்லை. அதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது. அவள் தோளில் சாய்ந்துகொண்டு அழுதேன். யேசுவடியான் பார்த்துவிட்டு, ஆர்டர் போய்விட்டது என்று நினைத்து வேலையாட்களிடம் சொல்லிவிட்டார். அந்தப் புரளியை அடக்கவே அரைமணி நேரமானது.

நான்காம் நாள் தகரத்தைப் பிரித்தார்கள். மாரியம்மாவின் ஆட்கள் ஒரு டிராக்டர் விறகோடு வந்து இறங்கினார்கள். யேசுவடியான் குழாய்களையெல்லாம் துடைத்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு தீ மூட்டினார். ஜெயக்கொடி தேங்காய் உடைத்தாள். முதலில் வெள்ளையாகவும் பிறகு கறுப்பாகவும் புகை வந்தது. நான் ரோட்டோரம் வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். அப்படியும் நெஞ்சு விசிலடித்தது. குப்பியை எடுத்து உறிஞ்சினேன். “ஏட்டி, இன்னும் தள்ளிப் போ!” என்று ஆலைக்குள்ளிருந்து கத்தினாள். வேலையாட்கள் எல்லோர் காதிலும் அது விழுந்தது. அதன் பிறகு அவள் என்னை ‘மேடம்’ என்று கூப்பிடவே இல்லை.

மத்தியானம் யேசுவடியானுக்கு இருமல் திரும்பிவிட்டது. படிவத்தில் அவருடைய இருமலுக்கும் கட்டம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஜெயக்கொடியிடம் சொன்னபோது, “புது பாய்லர தூக்கிப் போடலட்டி. கரண்டு ஒழுங்கா வார மாசத்துல அதத்தான் ஓட்டுவேன். அவருக்கும் நெஞ்சு செத்த ஆறட்டும்” என்றாள். அந்த வருஷமே நான் கேட்ட உருப்படியான யோசனை அதுதான். கரண்ட்டில் ஓட்டும் மாசங்களையும் சேர்த்தே படிவத்தில் எழுதினேன். சாயங்காலம் புதிதாக வெந்த துணியில் ஒரு துண்டை வாளியில் போட்டோம். நான் நாலு எண்ணும்போதே அது அடியில் கிடந்தது. வேலையாட்கள் கை தட்டினார்கள். மாரியம்மா வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “நாளைக்கு எம்புட்டு வெறகு வேணும்?” என்று கேட்டார்.

ஐந்தாம் நாள் காலை, லாட்ஜ் அறையில் மிச்சக் கட்டங்களை நிரப்பினேன். விறகு, ஆலை மோட்டார்களுக்கான கரண்ட், வெளுக்கும் மருந்து, கப்பல் என்று ஒவ்வொன்றாக ஏற ஏற, நிறம் மஞ்சளிலேயே நின்றது. கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. இந்தப் பக்கத்தை இந்த வருஷம்தான் சேர்த்திருக்கிறார்கள், நான் அதுவரை பார்த்ததில்லை. ‘ஆய்வாளரின் பயணம்’ என்று தலைப்பு. ஆய்வுக்கு வந்துபோகும் விமானத்தின் புகை, எந்த ஆலைக்காக வந்தாரோ அந்த ஆலையின் பெயரில் சேரும். நான் வந்த விமானத்தை ஏற்றினேன். மஞ்சள் சிவந்துவிட்டது. அதிகமில்லை, ஒரு நூல் அளவு.

அதற்குக் கீழே ஒரே ஒரு கேள்வி. இனிவரும் வருஷங்களில் ஆய்வு எப்படி நடக்க வேண்டும்? நேரில் என்று ஒரு கட்டம், வீடியோவில் என்று ஒரு கட்டம். நேரில் என்பதில் தொட்டேன், சிவப்பு அப்படியே நின்றது. வீடியோ என்பதைத் தொட்டேன். இந்த வருஷத்துப் பயணத்தைப் பின்வரும் வருஷங்களுக்குப் பங்கு போட்டு, மஞ்சளுக்குத் திரும்பிவிட்டது. இரண்டையும் மாற்றி மாற்றி நாலைந்து தடவை தொட்டுப் பார்த்தேன். அது ஒவ்வொரு தடவையும் அதே பதிலைத்தான் சொன்னது.

நான் வந்தேன் என்பதே அவள் தலையில் ஏறிய புகை. அவளைப் பார்க்கத்தான் வந்தேன். இனி வந்தால் அவளுக்குத்தான் கெடுதல். கயல் கேட்டால் என்னை நினைத்துப் பெருமைப்படுவாள் என்பதும் தெரிந்தது. அன்று காலை அந்தப் பெருமை எனக்குப் போதவில்லை. வீடியோ என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

படிவம் போன பிறகு சாப்பிடக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. ஜெயக்கொடி வீட்டில் இலை போட்டிருந்தது. நாட்டுக்கோழிக் குழம்பு, முட்டை, அப்பளம், கடைசியில் சப்பட்டை மாம்பழம். நான் வேண்டாம் வேண்டாம் என்பதும் அவள் போடுவதுமாக ஒன்றரை மணி நேரம் ஓடியது. மஞ்சள் வந்துவிட்டது, ஆர்டர் நிற்கிறது என்று சொன்னேன். கையில் கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “இனி ரெண்டாவது ஷிப்ட் பிள்ளைகள நிறுத்த வேண்டியதில்ல” என்று இரண்டு தடவை சொன்னாள்.

கிளம்பும்போது வாசலில் ஆட்டோ நின்றது. ஒரு பொட்டலத்தில் மாம்பழம் கட்டி மடியில் வைத்தாள். ஆட்டோவின் கம்பிக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடுத்த வருசம் செக்கிங்குக்கு நீதான வருவே? தேதிய மட்டும் முந்தியே சொல்லிரு. நீ இருக்க அஞ்சு நாளும் விறகு பாய்லர அணைச்சு வச்சிருதேன். துணி மெதந்தா மெதந்துட்டுப் போகுது. நீ மரத்தடியில நிக்காம உள்ள வந்து உக்காரணும்.”

வேண்டாம், அணைக்காதே, புகையிலேயே வந்து நிற்கிறேன் என்று சொல்ல வாய் துடித்தது. அதற்கு முதலில் நான் வர வேண்டும். அவள் கையை அழுத்திப் பிடித்து, “தேதி சொல்லுதேன்” என்றேன்.